கற்கருவி திரட்டிய புரூசு ஃபூட்

இங்கிலாந்தில் 1834-ஆம் ஆண்டு பிறந்த இராபர்ட்டு புரூசு ஃபூட், 1858-இல் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் பணியேற்றார். 1863 மே 30-ஆம் நாள், சென்னையை அடுத்த பல்லாவரத்தில் சரளைக் குழியொன்றில் செதுக்கிய கல்லொன்றைக் கண்டெடுத்தார். பிறர்க்கு வெறுங்கல்லாய்த் தோன்றும் அது, பண்டை மாந்தர் கையாண்ட கற்கோடரி என்பதை அவர் உணர்ந்தார்.

அன்று முதல் பணிநிமித்தம் சென்ற இடமெல்லாம் பழங்கருவிகளைத் திரட்டினார். விளாத்திகுளத்தை உள்ளடக்கிய அந்நாளைய திருநெல்வேலி மாவட்டத்தையும் மதுரை மாவட்டத்தையும் ஆராய்ந்து 1883-இல் நூல் வெளியிட்டார். கிடைத்த இடம் அறியப்படாத கருவி வரலாறு கூறாது; ஆதலின் இடங்களைக் குறித்துவைத்தார்.

நாற்பதாண்டுத் தொகுப்பு சிதறாமல் 1904-இல் சென்னை அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. 1912-இல் அவர் மறைந்தார். அவர்தம் குறிப்புகளைத் துணைக்கொண்டு ஆய்வாளர் இன்றும் அவ்விடங்களை நாடிச் செல்கின்றனர்.