யானைகளைப் படம்பிடித்த ஒட்டுக் கேமரா

கேமரா என்றதும் லைக்கா, ரோலிபிளக்ஸ், நிக்கான் என்று விலை உயர்ந்த பெயர்கள்தான் நம் வாயில் வரும். ஆனால் நம் முதுமலைக் காட்டு யானைகளை அருமையாகப் படம்பிடித்த ஒருவரின் கேமரா எந்தக் கடையிலும் கிடைக்காதது! அவர்தான் மா. கிருஷ்ணன்.

1912-ல் திருநெல்வேலியில் பிறந்தார். தந்தை, 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையா. 13 வயதிலேயே தந்தையை இழந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியர் பைசனின் அன்பு கிடைத்தது. அவரோடு நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செடிகொடிகளைத் தேடி வந்தார். பைசனின் துணைவியாரிடம் நீர்வண்ண ஓவியம் கற்றார். அவர் கண்ணைப் பழக்கியதில் நம்ம மலைக்கும் பங்கு உண்டு என்பேன்.

சட்டம் படித்தார், சந்தூர் சமஸ்தானத்தில் வேலை பார்த்தார். பிறகு பேனாவையும் கேமராவையும் நம்பியே வாழ்ந்தார்.

அந்தக் கேமரா இருக்கே, உடம்பு ஒரு கம்பெனி, டெலி லென்ஸ் இன்னொரு கம்பெனி! எல்லாவற்றையும் தானே பொருத்தி 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரும் வைத்தார். அஸ்ஸாம் தேயிலைத் தோட்டக்காரரும் இயற்கை ஆர்வலருமான இ.பி. ஜீ அதைப் பார்த்துவிட்டு, எங்காவது கம்பி போட்டுத்தான் கட்டியிருப்பார் என்று வேடிக்கையாக எழுதினார்.

வேடிக்கை சரி, வேலை லேசானதா? லென்ஸுக்கும் பிலிமுக்கும் உள்ள தூரம் ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்கு பிசகினாலும் படம் மங்கிவிடும். லேத்தில் நின்று பழகிய நமக்கு இது சொல்லாமலே புரியும். கேமராவே போகஸ் பார்த்துக்கொள்ளும் வசதியெல்லாம் கிடையாது. நடந்தும், யானை மேல் உட்கார்ந்தும் காத்திருந்து கருப்பு வெள்ளையில் எடுத்தார். டார்க் ரூமில் தானே பிரிண்ட் போட்டார்.

பத்மஸ்ரீ விருதும் வந்தது. 1950 முதல் 'ஸ்டேட்ஸ்மன்' இதழில் இயற்கை பற்றி எழுதிய பத்தியை 46 ஆண்டுகள் விடவில்லை. 1996 பிப்ரவரி 18-ல் அவர் மறைந்த அன்றும் அது வெளிவந்தது.

ஊட்டி இந்து நகரில் 1967-ல் உற்பத்தியைத் தொடங்கிய பிலிம் தொழிற்சாலையும் மூடப்பட்டுவிட்டது. அவர் எடுத்த யானைகள் மட்டும் இன்றும் படங்களில் கம்பீரமாக நிற்கின்றன.

ஒர்க்‌ஷாப்பில் நல்ல மெஷின் இல்லை என்று நானும் எத்தனையோ நாள் சலித்துக்கொண்டவன்தான். நண்பர்களே, அடுத்த முறை சலிப்பு வந்தால் அந்த ஒட்டுக் கேமராவை ஒரு தடவை நினைச்சுப் பாருங்க!