உடம்பை மறந்த கணித மேதை

சென்னைத் துறைமுக அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் ஒரு குமாஸ்தா. 1912-ம் ஆண்டு மார்ச் 1-ந் தேதி வேலையில் சேர்ந்தார். சம்பளம் மாதம் 30 ரூபாய். ஆறு ஆண்டுகள் கழித்து, லண்டன் ராயல் சொசைட்டி அவருக்கு எப்.ஆர்.எஸ். என்ற பெருமையை அளித்தது. அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து அவர் இறந்துபோனார். அப்போது அவருக்கு வயது 32.

அவர்தான் கணித மேதை சீனிவாச ராமானுஜன்.

குமாஸ்தா மேஜையிலிருந்து உலகப் புகழுக்கு அவர் உயர்ந்த கதையை எல்லோரும் அறிவார்கள். அந்த உயர்வுக்கு அவருடைய உடம்பும் மனமும் கொடுத்த விலையை அறிந்தவர்கள் குறைவு.

கணக்கே உலகம்

ராமானுஜன் 1887 டிசம்பர் 22-ந் தேதி ஈரோட்டில், தாய்வழிப் பாட்டன் வீட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில். தந்தை சீனிவாச அய்யங்கார் ஜவுளிக் கடையில் கணக்கு எழுதினார். தாய் கோமளத்தம்மாள்.

பள்ளியில் முதல் மாணவன். 1904-ல் உதவித்தொகையுடன் கும்பகோணம் அரசு கல்லூரியில் சேர்ந்தார். ஆனால் கணக்கைத் தவிர வேறு பாடத்தைத் தொடவில்லை. உதவித்தொகை போயிற்று. சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து படித்தும் எப்.ஏ. தேர்வில் தேறவில்லை.

1909-ல் ஜானகியுடன் திருமணம் நடந்தது. குடும்பம் என்று ஆன பிறகு, நோட்டுப் புத்தகங்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வேலை தேடி அலைந்தார். நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்து உதவினார். சும்மா இருந்து பிறர் பணத்தில் வாழ மனம் ஒப்பவில்லை. துறைமுக வேலைக்கு மனுப் போட்டார்.

கையில் வைத்த கவளம்

கணக்குப் போடக் காகிதம் வாங்கக் கட்டுப்படி ஆகாது. சிலேட்டில் எழுதுவார், முழங்கையால் அழிப்பார், மறுபடி எழுதுவார். அலுவலக மேலாளர் நாராயண அய்யரும் கணிதம் படித்தவர். இரவு நேரத்தில் இருவரும் ஆளுக்கொரு சிலேட்டுடன் உட்கார்ந்துவிடுவார்கள்.

சாப்பாட்டு வேளையிலும் ராமானுஜன் எழுதுவதை நிறுத்தமாட்டார். தாயோ பாட்டியோ சோற்றைப் பிசைந்து, கவளம் கவளமாக அவர் கையில் வைப்பார்கள்.

சென்னையிலும் அவர் உழைப்புக்கு அளவு கிடையாது. ஆனால் அந்த உழைப்பைச் சுற்றி ஒரு வீடு இருந்தது. சோறு போட ஆள் இருந்தது. பேச ஒரு நண்பர் இருந்தார்.

கட்டிலும் கம்பளியும்

1913 ஜனவரியில், கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்குத் தமது முடிவுகளை எழுதி அனுப்பினார். அந்தக் கடிதம் அவர் வாழ்க்கையை மாற்றியது. 1914 மார்ச் 17-ந் தேதி இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகை அளித்தது. அதில் 50 பவுன் ஊரில் குடும்பத்துக்குப் போயிற்று.

இங்கிலாந்துக் குளிர் அவருக்குப் புதிது. இரவில் கடுங்குளிரில் நடுங்கினார். மேலங்கியைப் போட்டுக்கொண்டு, சால்வையையும் போர்த்திப் படுத்தார். இதை அறிந்த மாணவர் மகலனோபிஸ் அறைக்கு வந்து பார்த்தார். (பின்னாளில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவியவர் இவர்தான்.) கட்டிலில் கம்பளிகள் இருந்தன. ஓரங்கள் மெத்தைக்கு அடியில் செருகப்பட்டிருந்தன. அவற்றை விலக்கி உள்ளே படுக்க வேண்டும் என்பது ராமானுஜனுக்குத் தெரியவில்லை, மேலேயே படுத்திருந்தார்! மகலனோபிஸ் கம்பளியை விலக்கிக் காட்டினார்.

எண்களின் ரகசியம் அறிந்தவருக்குக் கம்பளியின் ரகசியம் தெரியவில்லை. யாரையும் கேட்கவும் இல்லை.

ஒரே கல்லூரி, இரண்டு வாழ்க்கை

போய்ச் சேர்ந்த சில மாதங்களில் முதல் உலகப் போர் மூண்டது. ராமானுஜன் சுத்த சைவம். கல்லூரிச் சாப்பாட்டைத் தொடாமல், அறையில் தாமே சமைத்துக்கொண்டார். புளியும் தேங்காய் எண்ணெயும் ஊரிலிருந்து பார்சலில் வரவேண்டும். போரினால் எல்லாம் தட்டுப்பாடு. கணக்கில் மூழ்கிவிட்டால் இரவு பகல் தெரியாது. சமையல், தூக்கம் எதற்கும் நேரம் கிடையாது.

அதே கல்லூரியில் இருந்த ஹார்டியின் நாள் வேறு விதம். காலை 9 மணி முதல் 1 மணி வரை கணிதம். பகலுணவுக்குப் பிறகு பந்தாட்டம்; அல்லது கிரிக்கெட் பார்க்கப் போவார். நான்கு மணி நேர உழைப்பிலேயே உலகம் மதிக்கும் கணித மேதையாக விளங்கினார்.

இருவரும் சேர்ந்து அரிய ஆராய்ச்சிகளை வெளியிட்டனர். ஆனால் பேச்செல்லாம் கணிதமே. மற்றவருடைய அடுப்பு எரிகிறதா, வீட்டிலிருந்து கடிதம் வந்ததா என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை.

விழுந்த உடம்பு

1917-ல் ராமானுஜன் படுக்கையில் விழுந்தார். காசநோய் என்று கருதி, ஒரு மருத்துவமனை மாற்றி ஒரு மருத்துவமனையாக வைத்துப் பார்த்தார்கள். அங்கே கிடைத்த உணவு அவருக்கு இறங்கவில்லை. அது ஈரலைத் தாக்கும் அமீபா நோயாக இருந்திருக்கலாம் என்று 1994-ல் வெளியான மருத்துவ ஆய்வு ஒன்று கூறியது. அந்த நோய்க்கு அக்காலத்திலேயே மருந்து உண்டு.

ஊரில் மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒத்துப்போகவில்லை. ஜானகி எழுதிய கடிதங்கள் கணவர் கைக்குப் போய்ச் சேரவில்லை. நோய், தனிமை, வீட்டுக் கவலை மூன்றும் சேர்ந்தன. 1918 தொடக்கத்தில் லண்டன் சுரங்க ரயில் பாதையில் குதித்துவிட்டார். சில அடி தூரத்தில் ரயில் நின்றதால் உயிர் தப்பினார்.

அதே ஆண்டு மே மாதம் எப்.ஆர்.எஸ். பெருமை வந்தது. அக்டோபரில் டிரினிடி கல்லூரி பெல்லோவாகத் தேர்வானார். மாலைகள் வந்து குவிந்தன. அணிய வேண்டிய உடம்பு ஓய்ந்துவிட்டது.

கடைசி ஆண்டு

சென்னைப் பல்கலைக்கழகம் மேலும் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் 250 பவுன் தர முன்வந்தது. அது தமது தேவைக்கு மிஞ்சிய தொகை என்றும், மீதியை ஏழைப் பிள்ளைகள், அனாதைச் சிறுவர்கள் படிப்புக்குச் செலவிட வேண்டும் என்றும் 1919 ஜனவரியில் அவர் எழுதினார். சம்பாத்தியத்துக்கு எல்லை போடத் தெரிந்தவர், உழைப்புக்குப் போடவில்லை.

1919 மார்ச்சில் பம்பாயில் வந்து இறங்கினார். பிறகு கொடுமுடி, கும்பகோணம், கடைசியில் சென்னை. இந்த ஓராண்டும் ஜானகி அருகில் இருந்து பணிவிடை செய்தார். வேளைக்கு உணவு கொடுத்தார். நெஞ்சிலும் காலிலும் ஒத்தடம் போட்டார். படுத்த படுக்கையிலும் ராமானுஜன் எழுதியபடியே இருந்தார். அந்த ஓராண்டில் எழுதிய தாள்கள் 1976-ல் கேம்பிரிட்ஜில் கண்டெடுக்கப்பட்டு, உலகக் கணித அறிஞர்களை வியக்க வைத்தன.

1920 ஏப்ரல் 26-ந் தேதி ராமானுஜன் காலமானார். அப்போது ஜானகிக்கு வயது 21. பதினொரு ஆண்டுத் திருமண வாழ்க்கையில் கணவருடன் வாழ்ந்தது சுமார் மூன்றே ஆண்டுகள். பிறகு பம்பாயில் சகோதரர் வீட்டில் சில காலம் இருந்து தையல் கற்றார். சென்னை திரும்பி, திருவல்லிக்கேணியில் தையல் வேலை செய்து பிழைத்தார். 1994-ல்தான் மறைந்தார்.

ராமானுஜனின் மேதைமை எல்லோருக்கும் வாய்க்காது. ஆனால் அவர் செய்த தவறு எல்லோருக்கும் எளிது. ஊரை விட்டு வந்து தனி அறையில் தங்கி, முன்னேற வேண்டும் என்ற வேகத்தில் ஒரு வேளைச் சோற்றை விட்டுவிடலாம். காய்ச்சலை மறைத்துவிடலாம். வீட்டுக் கவலையை உள்ளுக்குள் பூட்டி வைக்கலாம். யாரும் கேட்கமாட்டார்கள்.

துறைமுக அலுவலகத்தில் அவருக்கு ஒரு நாராயண அய்யர் கிடைத்தார். வேலைக்குப் போன இடத்தில் அப்படி ஒரு நண்பரைத் தேடிக்கொள்வதும், பக்கத்து அறைக்காரருக்கு அப்படி ஒரு நண்பராக இருப்பதும் முன்னேற்றத்துக்குத் தடை அல்ல. கையில் கவளம் வைத்தவர்கள் இருந்த வரையில் ராமானுஜனின் சிலேட்டும் ஓயவில்லை.