ஒரு மெல்லிய சவ்வின் கதை

விரல் நுனியில் சிறு ஊசி குத்தல். ஒரு துளி இரத்தம். சில நொடிகளில் சர்க்கரை அளவு தெரிந்துவிடுகிறது. நீரிழிவு நோயுள்ள வீடுகளில் இது அன்றாடக் காட்சி. ஆனால், இதற்கு வழிவகுத்த மனிதரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? உயிரி உணரிகளின் தந்தை எனப் போற்றப்படும் லீலண்ட் கிளார்க்தான் அவர்.

1918 டிசம்பர் 4ஆம் நாள் அமெரிக்காவின் ரோச்செஸ்டர் நகரில் பிறந்த கிளார்க், 1941இல் அந்தியோக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1944இல் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் முனைவரானார். பின்னர், ஒஹாயோ மாநிலத்தின் யெல்லோ ஸ்பிரிங்ஸ் என்னும் சிற்றூரில் ஆய்வைத் தொடர்ந்தார்.

இருதய அறுவைச் சிகிச்சையின்போது நுரையீரலுக்குப் பதிலாக இரத்தத்தில் ஆக்சிஜனைக் கலக்கும் கருவி ஒன்றை அவர் உருவாக்கினார். அதைப் பற்றிய கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்பினார். கட்டுரை திரும்பி வந்தது. கருவியிலிருந்து வெளிவரும் இரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு அழுத்தத்தில் இருக்கிறது என்று அளந்து காட்ட முடியவில்லை என்பதே காரணம். அதை அளக்கும் வழியைத் தாமே கண்டுபிடிக்க முனைந்தார் கிளார்க்.

பிளாட்டினக் கம்பிக்குக் குறிப்பிட்ட மின்னழுத்தம் கொடுத்தால், அதனை வந்தடையும் ஆக்சிஜனின் அளவுக்கேற்ப மின்னோட்டம் உண்டாகும். இரத்தத்தில் வைத்தாலோ, புரதங்கள் கம்பியில் படிந்து அளவைக் கெடுத்துவிடும். 1954இல் அவருக்கு விடை கிடைத்தது. பிளாட்டினத்தையும் அதன் துணை மின்வாயையும் ஒரே பாலித்தீன் சவ்வுக்குள் வைத்தார். ஆக்சிஜன் உள்ளே நுழைந்தது. புரதங்கள் வெளியே நின்றன. 1956இல் இக்கருவி உலகுக்கு அறிமுகமானது.

அவர் அத்துடன் நிற்கவில்லை. 1962இல் சேம்ப் லயன்ஸ் என்பவருடன் இணைந்து, சவ்வின் மேல் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்னும் நொதியைச் சேர்க்கும் கருத்தை வெளியிட்டார். இந்நொதி குளுக்கோஸை மாற்றும்போது ஆக்சிஜனைச் செலவழிக்கும். எனவே, ஆக்சிஜன் குறைவதைக் கொண்டு சர்க்கரை அளவைக் கணக்கிடலாம். உயிர்ப்பொருள் ஒன்று அடையாளம் காண, மின்வாய் அதை எண்ணாக்கிச் சொல்கிறது. உயிரி உணரி பிறந்தது இப்படித்தான். 1975இல் யெல்லோ ஸ்பிரிங்ஸ் நிறுவனம் ஒன்று இம்முறையில் குளுக்கோஸ் அளவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

அன்று மேசையை அடைத்த கருவி, 1987இல் பேனா அளவுக்குச் சுருங்கியது. 1990களில் சிலிக்கான் சில்லுகளுக்கே குடிபெயர்ந்தது. கணினிச் சில்லுகளைச் செய்யும் அதே முறையில் மெல்லிய உலோகப் படலங்களை மின்வாய்களாகப் பதித்து, அவற்றின்மேல் சவ்வையும் நொதியையும் பூசினார்கள். சில துளி இரத்தத்தில் சர்க்கரை, சோடியம், பொட்டாசியம் முதலியவற்றை நோயாளியின் படுக்கையருகிலேயே சில நிமிடங்களில் அளக்க முடிந்தது. அளவுதான் சுருங்கியது, உலோகம், சவ்வு, நொதி என்ற அடிப்படை அமைப்பு கிளார்க் காட்டியதே.

2005இல் பொறியியல் துறையின் உயரிய விருதுகளுள் ஒன்றான ரஸ் பரிசு அவரைத் தேடி வந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 25ஆம் நாள், தமது 86ஆம் வயதில் அவர் மறைந்தார்.

ஆய்வேடு திருத்தக் குறிப்புகளுடன் திரும்பி வரும்போது மனம் சோர்ந்துபோகும் மாணவ நண்பர்களே, கிளார்க்கை ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். திருப்பி அனுப்பியவர் கேட்டது நியாயமான கேள்வி. அந்தக் கேள்வியைக் குறையாகக் கருதாமல் அடுத்த வேலையாக எடுத்துக்கொண்டார் அவர். அதன் பயனை இன்று கோடிக்கணக்கான நோயாளிகள் தம் விரல் நுனியில் அனுபவிக்கிறார்கள்.