பல்கலைக்கழகங்களை ஒன்றுகூட்டிய பேராசிரியர்

சென்னை மயிலாப்பூரில் கடற்கரையிலிருந்து மேற்கு நோக்கிச் செல்லும் அகன்ற சாலை ஒன்று உளது. முன்னாளில் எட்வர்டு எலியட்ஸ் சாலை எனப்பட்ட அது, இந்நாளில் டாக்டர் இராதாகிருஷ்ணன் சாலை என வழங்குகின்றது. அச்சாலையில் 'கிரிஜா' என்னும் இல்லத்தில் வாழ்ந்த பெரியார், நாட்டின் குடியரசுத் தலைவராக உயர்ந்தவர்; எனினும் ஆசிரியர் என்னும் பெயரையே தம் பேறாகக் கருதியவர். அவரே சர்வபள்ளி இராதாகிருஷ்ணன்.

அவர் 1888ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 5ஆம் நாள் திருத்தணியில் எளிய குடும்பத்திற் பிறந்தார். உதவித்தொகை பெற்றே கல்வியைத் தொடர்ந்தார். நூல்களை விலைகொடுத்து வாங்க இயலாத நிலையில், பட்டம் பெற்ற உறவினர் ஒருவர் தம் தத்துவ நூல்களை அவருக்கு அளித்தார். அதனால் தத்துவமே அவருக்குரிய துறையாயிற்று. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் எம்.ஏ. பட்டம் பெற்று, 1909ஆம் ஆண்டில் மாநிலக் கல்லூரியில் ஆசிரியரானார். பின்னர் மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கினார். 1921ஆம் ஆண்டில் அவர் கல்கத்தாவுக்குப் புறப்பட்டபோது, மாணவர்கள் அவரை மலர்களால் அணிசெய்த வண்டியில் அமர்த்தி, தாமே அதனைப் புகைவண்டி நிலையம்வரை இழுத்துச் சென்றனர்.

1931 முதல் 1936 வரை ஆந்திரப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும், 1939 முதல் 1948 வரை காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் அவர் பணிபுரிந்தார். 1942ஆம் ஆண்டில் விடுதலைப் போராட்டம் கிளர்ந்தெழுந்தபோது, காசிப் பல்கலைக்கழகத்தினுள் படை புகுந்தது. அதனைப் போர்க்கால மருத்துவமனையாக்கவும் ஆட்சியாளர் எண்ணினர். இராதாகிருஷ்ணன் தில்லிக்கு விரைந்து சென்று வாதாடி, அக்கலைக்கோயில் மூடப்படாமற் காத்தார்.

1947ஆம் ஆண்டில் நாடு விடுதலை பெற்றது. அப்பொழுது பெரியதொரு கவலை எழுந்தது. அன்னியர் ஆட்சியில் அலுவலர்களை ஆக்குதற்கென வளர்ந்த கல்விமுறை, விடுதலை பெற்ற நாட்டுக்கு வேண்டும் குடிமக்களை ஆக்கவல்லதோ? பல்கலைக்கழகங்கள் பலவாயினும் அவற்றின் கல்வித்தரம் ஒன்றாயிருக்கவில்லை. அவை தம்முட் கலந்து ஆய்தற்கென 1925ஆம் ஆண்டிலேயே பல்கலைக்கழகங்களிடைக் கழகம் ஒன்று அமைந்திருந்தது. அக்கழகமும் கல்வி ஆலோசனைக் குழுவும் வேண்டியதற்கு இணங்க, இந்திய அரசு 1948ஆம் ஆண்டில் பல்கலைக்கழகக் கல்விக் குழுவினை நிறுவி, இராதாகிருஷ்ணனை அதன் தலைவராக்கியது.

சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ. இலட்சுமணசாமி முதலியார், ஜாகிர் உசேன், விஞ்ஞானி மேகநாத சாகா முதலியோர் அதன் உறுப்பினராயினர். இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகத் துணைவேந்தரும், அமெரிக்கக் கல்வியறிஞர் இருவரும் உடனிருந்து உதவினர். அவர்கள் வினாப்பட்டியல் அனுப்பிக் கருத்துக்களைத் திரட்டினர். பல்கலைக்கழகங்களுக்கு நேரிற் சென்று ஆசிரியரையும் மாணவரையும் கண்டு உரையாடினர். 1949ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் தம் அறிக்கையை அரசிடம் அளித்தனர்.

பட்டம் பெறுவோர் எத்தகையராதல் வேண்டும் என்பதே அவ்வறிக்கையின் உயிர்நாடி. அறிவியல் பயில்வோன் இலக்கியமும் வரலாறும் அறியாதிருத்தலும், இலக்கியம் பயில்வோன் அறிவியலின் பொருள் உணராதிருத்தலும் குறையே எனக் குழுவினர் கண்டனர். ஆதலின், பொதுக்கல்வி அனைவர்க்கும் வேண்டும் என்றனர். பட்டப்படிப்பு மூன்றாண்டினதாதல் வேண்டும். தேர்வு நாட்கள் நீங்கலாக ஆண்டுக்கு 180 நாட்களேனும் கற்பித்தல் நடைபெறல் வேண்டும். விரிவுரையோடு சிறுசிறு குழுக்களாக மாணவரை அமர்த்திப் பயிற்றுதலும் வேண்டும் என வரையறுத்தனர். ஆசிரியர்க்குத் தக்க ஊதியமும், அவ்வப்போது தம் அறிவைப் புதுக்கிக்கொள்ளும் வாய்ப்பும் நல்குமாறு கூறினர். எல்லாவற்றினும் மேலாக, மனப்பாடத்தையே அளக்கும் தேர்வுமுறை திருந்துதல் வேண்டும் என வற்புறுத்தினர்.

அக்குழுவின் பரிந்துரைப்படி பல்கலைக்கழக மானியக் குழு 1953ஆம் ஆண்டில் அமைந்து, 1956ஆம் ஆண்டில் சட்டவலிமை பெற்றது. மூன்றாண்டுப் பட்டப்படிப்பு நாட்டிற் பரவியது. ஊரகப் பல்கலைக்கழகங்கள் வேண்டும் என்ற அவர்தம் கருத்தின் சாயலில், 1956ஆம் ஆண்டில் காந்திகிராமத்தில் ஊரகக் கல்வி நிறுவனம் தோன்றியது. தேர்வுமுறையைத் திருத்துவதோ எளிதில் முற்றுப்பெறவில்லை. அப்பணி பிற்காலத்தார்க்கும் எஞ்சி நின்றது.

இராதாகிருஷ்ணன் 1962ஆம் ஆண்டில் குடியரசுத் தலைவரானார். தம் பிறந்தநாளைக் கொண்டாட விரும்பியோரிடம், அதனை ஆசிரியர் நாளாகக் கொண்டாடுதலே தமக்குப் பெருமை என்றார். 1967ஆம் ஆண்டில் பதவிக்காலம் முடிந்தபின் மயிலாப்பூர் இல்லத்துக்கே மீண்டார். 1975ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 17ஆம் நாள் சென்னையில் இயற்கை எய்தினார்.

இரவலாகப் பெற்ற நூல்களாற் கற்ற சிறுவர் ஒருவர், நாட்டின் பல்கலைக்கழகங்கள் அனைத்துக்கும் நெறி காட்டினார். பட்டம் என்பது ஏட்டில் எழுதிய எழுத்தன்று. அதனைப் பெற்றவனிடம் விளங்கும் அறிவும் பண்புமே ஆகும். இதனை உணர்ந்து கற்பதே அப்பேராசிரியர்க்கு மாணவர் செலுத்தத்தக்க காணிக்கையாம்.