பட்டாணிச் செடியில் உண்மை கண்ட மெண்டல்

ஒரு செம்பனைக் கன்று எத்தகைய காய் தரும் என்பதை இன்று நாம் அதன் இலையைச் சோதித்தே அறியலாம். இதற்கு அடிகோலியவர் கிரிகோர் மெண்டல் ஆவார்.

இவர் 1822ஆம் ஆண்டில், இன்றைய செக் நாட்டுச் சிற்றூர் ஒன்றில் ஏழை உழவரின் மகனாகப் பிறந்தார். தந்தையார் விபத்தில் காயமுற்றதால் வறுமை வாட்டியது. படிப்பு தடைப்படும் நிலையில், தங்கை தெரேசியா தம் சீர்ப்பணத்தில் ஒரு பகுதியை அண்ணனுக்கு ஈந்தார். 1843இல் மெண்டல் பிர்னோ நகர மடத்தில் துறவியானார். ஆசிரியர் தேர்வில் தோல்வி கண்டும் அவர் மனந்தளரவில்லை.

மடத்துத் தோட்டத்தில் 1856 முதல் 1863 வரை ஏறத்தாழ 28,000 பட்டாணிச் செடிகளை வளர்த்து ஆராய்ந்தார். உருண்டை விதைச் செடியையும் சுருங்கிய விதைச் செடியையும் கலந்தபோது, முதல் தலைமுறை விதைகள் அனைத்தும் உருண்டையாயின. அடுத்த தலைமுறையிலோ 5,474 உருண்டையும் 1,850 சுருங்கியவையும் தோன்றின. ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று! மறைந்த பண்பு அழியவில்லை. பெற்றோர் இருவரும் தரும் காரணிகளே பண்புகளை அமைக்கின்றன என அவர் தெளிந்தார்.

1866இல் வெளிவந்த அவர்தம் கட்டுரையை உலகம் பொருட்படுத்தவில்லை. 1884இல் அவர் மறைந்தார். 1900இல்தான் அறிஞர்கள் அதன் அருமையை உணர்ந்தனர்.

அக்காரணிகளையே நாம் மரபணுக்கள் என்கிறோம். செம்பனைக் கொட்டையின் ஓட்டுத் தடிப்பை ஆளும் மரபணுவை மலேசிய, அமெரிக்க ஆய்வாளர்கள் 2013இல் கண்டறிந்து அறிவித்தனர். அதன் அடையாளத்தைக் கொண்டு, மெல்லிய ஓடும் மிகுந்த எண்ணெயும் தரும் கன்றுகளை நாற்றங்காலிலேயே தெரிந்தெடுக்கலாம். காய்க்கும்வரை ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை.

மெண்டல் பிற்காலத்தில் தங்கையின் மக்களுக்குக் கல்விக்கு உதவி நன்றிக்கடன் தீர்த்தார். ஏழைக் குடும்பம் ஒன்று கல்விக்காகச் செய்த தியாகத்தின் பயனை இன்று உலகமே துய்க்கின்றது. நாமும் நம் பெற்றோர் படும் பாட்டை நினைந்து ஊக்கத்துடன் கற்போமாக!