மண்ணில் ஒரு முனை, விண்ணில் ஒரு முனை: மார்க்கோனியின் வாழ்க்கை

கடல் நடுவே வாழ்கிறவனுக்குத்தான் செய்தியின் அருமை தெரியும். சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறினால் அந்தமான் போய்ச் சேர ஏறத்தாழ மூன்று நாட்கள் ஆகும். கப்பலில் வரும் கடிதம் ஒன்றையே நம்பியிருந்த காலத்தில், ஊரிலே தாய் இறந்த சேதி கருமாதியும் முடிந்த பிறகுதானே அங்குள்ள மகனை எட்டும்?

அத்தீவுகளின் தலைநகரான போர்ட் பிளேயரில் டெய்ரி ஃபார்ம் என்றொரு பகுதி உண்டு. நகருக்கு 2024ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். டெய்ரி ஃபார்மிலே ஒரு பிக்-அப் வண்டியை நிறுத்தி, அதில் சி.பி. ரேடியோவுக்கான ஏரியலைப் பொருத்துவதாக வைத்துக்கொள்வோம். கம்பியை நிமிர்த்தி நிறுத்தியதோடு வேலை தீராது. அதைத் தாங்கும் அடித்தளம் வண்டியின் இரும்புடலோடு செவ்வையாக ஒட்டிச் சேரவேண்டும். இல்லையேல் பேச்சு நாலு தெரு தாண்டாது. ஏன் அப்படி? அதற்கான விடையை 1895ஆம் ஆண்டில், இத்தாலி நாட்டுத் தோட்டமொன்றில், 21 வயது இளைஞன் ஒருவன் கண்டுபிடித்தான். அவன் பெயர் குக்லியெல்மோ மார்க்கோனி.

1874ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள் போலோன்யா நகரில் மார்க்கோனி பிறந்தார். தந்தை செல்வமிக்க நிலக்கிழார். தாய் ஆனி, அயர்லாந்திலே விஸ்கி வடித்துப் பெயர்பெற்ற ஜேம்சன் குடும்பத்துப் பெண். பிள்ளை பல்கலைக்கழகத்தில் முறையாகச் சேர்ந்து படிக்கவில்லை. ஆனால், அருகே வாழ்ந்த பேராசிரியர் ரீகி தம் ஆய்வுக்கூடத்திற்கு வந்துபோக அவரை அனுமதித்தார். பட்டம் பெறாத அந்த இளைஞர்தாம் பின்னாளில் பௌதிகத்திற்கான நோபல் பரிசைப் பெற்றார் என்பதைப் பல்கலைக்கழக மாணவர்களாகிய நாம் சற்றே எண்ணிப் பார்க்கலாம்.

மின்காந்த அலைகள் உண்டு என்பதை 1888இல் மெய்ப்பித்தவர் ஜெர்மானிய அறிஞர் ஹெர்ட்ஸ். 1894 ஜனவரியில், 36 வயதிலேயே அவர் மறைந்தார். அவரைப் பற்றி ரீகி எழுதிய கட்டுரையைப் படித்தபோது, இவ்வலைகளைக் கொண்டு கம்பியில்லாமலே தந்தி அனுப்பினால் என்ன என்ற எண்ணம் மார்க்கோனியின் உள்ளத்தில் தோன்றியது. அவர் கையாண்ட கருவிகளில் பெரும்பாலானவை பிறர் படைத்தவை. தீப்பொறிக் கருவி ஹெர்ட்ஸும் ரீகியும் வகுத்த வழியில் வந்தது. அலையை உணரும் இரும்புத்தூள் குழாய், பிரெஞ்சு அறிஞர் பிரான்லியும் ஆங்கில அறிஞர் லாட்ஜும் வளர்த்தது. நம் கல்கத்தாவிலே ஜகதீச சந்திர போஸ், 1895இல் சுவர்களுக்கு அப்பால் அலையைச் செலுத்தி மணியை ஒலிக்கச் செய்து, வெடிமருந்தையும் வெடிக்கவைத்தார்.

அப்படியானால் மார்க்கோனி செய்ததுதான் என்ன? தொலைவை வென்றார்! தீப்பொறிக் கருவியின் ஒரு முனையை மண்ணில் புதைத்தார். மறுமுனையை உயரக் கம்பத்தில் ஏற்றினார். அதுவரை சில நூறு கெஜத்தில் ஓய்ந்துபோன அலை, குன்றையும் தாண்டிச் சென்றது. குன்றுக்கு அப்பால், சுமார் 2 கிலோமீட்டர் தொலைவில் நின்ற அண்ணன் அல்ஃபோன்ஸோ, செய்தி கிடைத்ததற்கு அடையாளமாகத் துப்பாக்கியால் வானை நோக்கிச் சுட்டார். நிலைக்கண்ணாடி முன் நிற்கும் பாதி வளையம் முழு வளையமாகத் தோன்றுகிறதல்லவா? அதுபோல, நிமிர்ந்து நிற்கும் கம்பிக்கு அதன் மறுபாதியாக நிலமே அமைந்துவிடுகிறது. பாதி வேலையைப் பூமியே செய்கிறது.

1896இல் தாயுடன் இலண்டன் சென்று, ஜூன் 2ஆம் நாள் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அஞ்சல் துறையின் தலைமைப் பொறியாளர் பிரீஸ் அவருக்குத் துணைநின்றார். 1897இல் பிரிஸ்டல் கால்வாயையும், 1899இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையிலுள்ள கடலையும் செய்தி கடந்தது. வெற்றிக்கு நடுவே ஒரு தோல்வியும் வந்தது. 1899இல் தென்னாப்பிரிக்கப் போர்க்களத்திற்கு அனுப்பப்பட்ட கருவிகளுக்குத் தக்க கம்பங்கள் கிடைக்கவில்லை. மூங்கிலை நட்டார்கள், பட்டம் பறக்கவிட்டார்கள். காற்று ஓய்ந்தால் பட்டம் விழும். பட்டம் விழுந்தால் செய்தி நிற்கும். வறண்ட நிலமும் ஒத்துழைக்கவில்லை. கம்பமும் மண்ணும் சரியாக அமையாவிட்டால் கருவி வெறும் பெட்டிதான் என்று உலகம் அன்று கண்டது.

அப்படியாயின், கம்பத்தையும் மண்ணையும் வண்டியிலேயே ஏற்றிச் சென்றால் என்ன? 1901இல் தார்னிகிராஃப்ட் நிறுவனத்தின் நீராவி வண்டி ஒன்றில் மார்க்கோனி கம்பியில்லாத் தந்திக் கருவியை அமைத்தார். கூரைமேல் 6, 7 மீட்டர் உயரமுள்ள உலோக உருளை நின்றது. வண்டி ஓடும்போது அதைச் சாய்த்துக்கொள்ளலாம். மண்ணோடு தொடர்புக்குக் கம்பிவலை ஒன்றைத் தரையில் விரித்தார். ஓடும்போது அது பின்னாலேயே இழுபட்டு வந்தது. பிறகு வலையையும் விட்டு, வண்டியின் கொதிகலனையே மண்ணுக்குப் பதிலாக வைத்துப் பார்த்தார். அதுவும் வேலை செய்தது! இரும்புடலே நிலமாகும் என்ற இந்த உண்மையின் மேல்தான் இன்று வண்டிகளில் நிற்கும் ஏரியல்களெல்லாம் நிற்கின்றன.

நம் பிக்-அப் வண்டிக்கு வருவோம். சி.பி. ரேடியோ 27 மெகாஹெர்ட்ஸ் அளவில் இயங்குவது. அதன் அலைநீளம் 11 மீட்டர். அதில் கால்பங்கு 2.75 மீட்டர், அதாவது 9 அடி. அவ்வளவு நீளமான கம்பி மரக்கிளையில் மோதுமாதலால், அடியில் சுருள் வைத்துக் குட்டையாக்குகிறார்கள். ஆற்றல் சற்றுக் குறையும். கேபின் கூரையின் நடுவில் வைத்தால் எல்லாத் திசையிலும் ஏறக்குறையச் சமமாகப் பேச்சுச் செல்லும். பின்பக்க மூலையில் வைத்தால் எதிர்மூலைத் திசையில் மிகுதியாகச் செல்லும். பொருத்தும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி வெற்று உலோகம் தெரியவைக்க வேண்டும். கடற்காற்று வீசும் தீவிலே அந்த இடம் விரைவில் துருப்பிடிக்கும். கிரீஸ் தடவிக் காக்கவேண்டும். கடைசியாக, எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரை வைத்து, அனுப்பிய ஆற்றலில் எவ்வளவு திரும்பி வருகிறதென்று பார்த்துக் கம்பியின் நீளத்தைச் சரிசெய்ய வேண்டும். இதைச் செய்யாமல் பேசத் தொடங்கினால் ரேடியோவே எரிந்துபோகலாம். இந்தியாவில் 26.957 முதல் 27.283 மெகாஹெர்ட்ஸ் வரை, 5 வாட்டுக்கு மிகாமல், உரிமமின்றிப் பேச விதி இடம்தருகிறது.

அதே 1901ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் மார்க்கோனி உலகை வியக்கவைத்தார். இங்கிலாந்தின் போல்டு நிலையத்திலிருந்து புறப்பட்ட எஸ் என்ற எழுத்தின் மூன்று புள்ளிகளை, அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் நியூஃபவுண்ட்லாந்தில், பட்டத்தில் கட்டிய கம்பியின் வழியே கேட்டதாக அறிவித்தார். அன்று அவர் கேட்டது உண்மைதானா என்று ஐயுறுவோர் இன்றும் உண்டு. ஆயினும் அடுத்த சில ஆண்டுகளில் அக்கடலைச் செய்திகள் ஐயத்துக்கிடமின்றிக் கடந்தன. 1909இல் பிரவுன் என்ற ஜெர்மானிய அறிஞருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

பரிசினும் பெரிது, காக்கப்பட்ட உயிர்கள். 1909 ஜனவரியில் மோதிச் சிதைந்த ரிபப்ளிக் கப்பலிலிருந்து கம்பியில்லாத் தந்தியால் சுமார் 1,500 பேர் மீண்டனர். 1912 ஏப்ரலில் டைட்டானிக் மூழ்கியபோது சுமார் 1,500 பேர் மாண்டனர். உயிர்தப்பிய 700க்கும் மேற்பட்டோர் அக்கப்பலின் தந்தியைக் கேட்டு விரைந்த கார்பேத்தியா கப்பலால் மீட்கப்பட்டனர். அதைவிட அருகே நின்ற கலிபோர்னியன் கப்பலிலும் கருவி இருந்தது. அதைக் கேட்க வேண்டியவர் உறங்கிக்கொண்டிருந்தார். கருவி இருந்து பயனென்ன, காது விழித்திராவிட்டால்?

அந்தமானுக்கு முதலில் வந்த கம்பியில்லாத் தந்தி மார்க்கோனியின் முறையைச் சேர்ந்ததன்று. 1905ஆம் ஆண்டளவில் போர்ட் பிளேயரையும் பர்மாக் கரையோரத்து டைமண்ட் தீவையும், சுமார் 300 மைல் கடலைத் தாண்டி இணைத்தது, அவருடைய போட்டியாளர்களான லாட்ஜும் மூர்ஹெட்டும் வகுத்த முறை. லாட்ஜின் காப்புரிமையை 1911இல் மார்க்கோனி நிறுவனம் விலைகொடுத்து வாங்கியது. 1901இல் அட்லாண்டிக் சோதனையில் பயன்பட்ட பாதரசக் கருவிக்கு மூலம், போஸ் 1899இல் வெளியிட்ட ஆய்வே என்று பிற்கால ஆராய்ச்சியாளர்கள் காட்டியிருக்கிறார்கள். 1943இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் மார்க்கோனியின் காப்புரிமை ஒன்றில் முக்கிய பகுதிகளைச் செல்லாதெனத் தீர்த்தது. வானொலியைத் தனி ஒருவர் படைத்தார் என்று சொல்வது வரலாறாகாது.

1912இல் மோட்டார் விபத்தில் அவர் வலக்கண்ணை இழந்தார், உழைப்பை நிறுத்தவில்லை. எலெட்ரா என்ற தம் கப்பலையே ஆய்வுக்கூடமாக்கிக் குறுகிய அலைகளை ஆராய்ந்தார். அதன் பயனாக 1927இல் இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே நேரான தந்தித் தொடர்பு உண்டாயிற்று. ஆனால் அவ்வாழ்வில் ஒரு கறையும் உண்டு. 1923இல் முசோலினியின் பாசிசக் கட்சியில் சேர்ந்தார். 1935இல் அபிசீனியாவின் மேல் இத்தாலி படையெடுத்தபோது அதை ஆதரித்தார். மனிதரை மனிதரோடு இணைத்த கரம், மனிதரை மிதித்த ஆட்சியோடும் கைகோத்தது. அறிவு மட்டும் ஒருவனை உயர்த்திவிடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

1937 ஜூலை 20ஆம் நாள் உரோமில் மார்க்கோனி காலமானார். அவர் நினைவாக உலகின் வானொலி நிலையங்கள் பல இரண்டு நிமிடங்கள் மௌனம் காத்தன.

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை அந்தமானைத் தாக்கித் தொலைபேசிகள் ஊமையானபோது, திருமதி பாரதி பிரசாத் தலைமையில் போர்ட் பிளேயருக்கு வந்திருந்த அமெச்சூர் வானொலிக் குழுவினர் ஏரியல் கட்டி, தீவிலிருந்தோரின் நலச்செய்திகளை நிலப்பரப்பிலுள்ள உறவினருக்கு எட்டச்செய்தனர். கோபுரங்கள் சாய்ந்தாலும், மண்ணில் ஒரு முனையும் விண்ணில் ஒரு முனையுமாக ஒரு கம்பி நின்றால் போதும் என்பதை அந்த நாள் காட்டியது.

மாணவ நண்பர்களே! கருவிகள் மாறும், அந்த விதி மாறாது. கற்கும் நமக்கும் அதுவே விதியாகட்டும். எண்ணம் எவ்வளவு உயர்ந்தாலும், கால் நாம் பிறந்த மண்ணோடு ஒட்டியிருக்கட்டும். அப்போதுதான் நம் குரல் தொலைதூரம் செல்லும். செல்லுகிற குரல் துன்புறுகிறவனுக்குத் துணையாகவும் இருக்கும்.