சரபோஜி மன்னரும் கண்மருத்துவமும்

காவிரி பாயும் சோழவளநாட்டை ஆண்ட மன்னர் பலர். அவருள் நாட்டாட்சியை இழந்த பின்னரும் பெரும்புகழ் எய்தியவர் தஞ்சை இரண்டாம் சரபோஜி. அவர் வரலாற்றுள் கண்மருத்துவம் பற்றியதை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

1777-ஆம் ஆண்டிற் பிறந்த இவரைத் துளஜா மன்னர் 1787-இல் மகவாக ஏற்றார். அவ்வாண்டே துளஜா மறைய, அமர்சிங் அரியணை ஏறினார். இளஞ்சரபோஜிக்கு அரணாய் நின்று கல்வியும் அளித்தவர் சுவார்ட்ஸ் ஐயர். 1798-இல் சரபோஜி முடிசூடினார். ஆயினும், 1799-இல் ஏற்பட்ட உடன்படிக்கையால் ஆட்சி கும்பினியார் கைப்பட்டது. தஞ்சைக் கோட்டையும் உதவித்தொகையுமே அவர்க்கு எஞ்சின. வாளேந்த வழியற்ற கை ஏட்டையும் மருந்தையும் ஏந்தலாயிற்று.

அவர் நிறுவிய தன்வந்திரி மஹாலில் நம் நாட்டு மருத்துவமும் யூனானியும் மேனாட்டு மருத்துவமும் ஒருங்கே ஆராயப்பெற்றன. தெளிந்த முறைகள் தமிழ்ச் செய்யுளாக்கப்பெற்று, சரபேந்திர வைத்திய முறைகள் எனப் பெயர் பெற்றன. கண்ணோய்ச் சிகிச்சையும் அவற்றுள் ஒன்று. ஐரோப்பிய மருத்துவர் மக்பீன் துணைபுரிந்தார். கண்ணோயாளர் 44 பேரைப் பற்றிய குறிப்பேடுகள், கண்ணின் ஓவியங்களோடு, சரஸ்வதி மஹாலில் உள்ளன.

நோயைக் கண்டு, குறித்து, பின்னரே மருந்திடும் அம்முறையின் அருமையை நாம் உணர்தல் வேண்டும். கண்ணீர், இமையோரத்துச் சிறுதுளைகளின் வழியே கண்ணீர்ப்பையை அடைந்து மூக்கினுள் வடிவது. வடிகால் தூர்ந்தால் வயலில் நீர் தேங்குதல்போல, அக்குழாய் அடைபடின் கண்ணீர் கன்னத்தில் வழியும், சீழும் பிடிக்கும். கடையில் வாங்கும் சில சொட்டு மருந்துகள் இரத்தக் குழாய்களைச் சுருக்கிச் சிவப்பை மறைக்குமேயன்றி, அடைப்பை நீக்கா. நெடுநாள் இடின் சிவப்பு மிகுதலும் உண்டு. கைக்குழந்தைகட்கு மருத்துவர் காட்டியவாறு மூக்கோரத்தை மெல்ல அழுத்தி நீவிவரின், பெரும்பாலும் ஓராண்டிற்குள் வழி திறக்கும். பெரியோர்க்கு மூக்கினுள் புதுவழி அமைக்கும் அறுவை முறையை இத்தாலிய மருத்துவர் தோத்தி 1904-இல் வெளியிட்டார்.

1832-இல் சரபோஜி மறைந்தார். அவர் இழந்த நாடு அவர் மரபினர்க்கு மீண்டிலது. அவர் தொகுத்த ஏடுகளோ இன்றும் நமக்கு உளவாகின்றன. மாணவராகிய நாம் தஞ்சை செல்லுங்கால், கோபுரத்தைக் கண்டு மீளாது, அவ்வேடுகளையும் கண்டு வருவோமாக.